அந்நியன் அயலானாவது எப்படி?

குடும்பங்களுக்கு ஒரு பாடம்



வீடிழந்து நாடிழந்து வந்த ஒரு குடும்பம் நம் பங்கில் வந்து இறங்கினால், முதல் நாளன்று செய்யவேண்டியது இன்னதென்று எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் சோறும் குழம்பும் கொண்டுவருவார். ஒருவர் பாயும் போர்வையும் கொடுப்பார். பிள்ளைகளுக்கு உடுப்புத் தேடித்தர நம் தாய்மார் முந்திக்கொள்வார்கள். பசித்தவனுக்குப் போஜனம் கொடுப்பதும் பரதேசிக்கு இடம் கொடுப்பதும் இரக்கத்தின் கிரியைகள் என்று சிறு வயதிலேயே ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம்.

ஆனால் ஆறு மாதம் சென்றபின் என்ன? ஒரு வருஷம் சென்றபின் என்ன? அந்தக் குடும்பம் அப்போதும் நம் கையையே பார்த்துக் கொண்டிருக்குமானால், நாம் அவர்களைத் தூக்கிவிட்டோமா, அல்லது நம் வாசலிலேயே கட்டிப் போட்டோமா? இந்த வாரம் நாம் ஆராய வேண்டிய கேள்வி இதுவே.

மனதில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அகதிக்குச் செய்யும் உதவி எல்லாம் ஒரு முடிவை நோக்கியே போகவேண்டும்: நம் உதவியில்லாமலே அவன் நம் பக்கத்தில் வாழவேண்டும். அவனை விருந்தாளியாக வைத்திருப்பது உபசாரம், அயலானாக்கிவிடுவதே அன்பு.

வேதாகமம் காட்டும் வழி

பழைய ஏற்பாட்டில் ரூத்தம்மாளின் சரித்திரத்தை நினைத்துப் பாருங்கள். அவள் மோவாப் தேசத்துப் பெண். யூத குலத்தாள் அல்ல. புருஷனை இழந்தபின் தன் மாமியாராகிய நோயேமியைத் தனியே விட மனமில்லாமல் அவளோடு பெத்லேகேம் ஊருக்கு வந்தாள். ஊர் புதிது, ஜனம் புதிது, கையில் காசில்லை.

அந்த நாட்டில் சர்வேசுரன் ஏற்படுத்தியிருந்த சட்டம் ஒன்று இருந்தது. அறுவடை செய்கிறவன் வயலின் ஓரங்களைத் துப்புரவாய் அறுத்துவிடக் கூடாது. சிந்திய கதிர்களைத் திரும்பப் பொறுக்கிக் கொள்ளவும் கூடாது. அவை ஏழைக்கும் பரதேசிக்கும் உரியவை. இந்தச் சட்டத்தின் நுட்பத்தைக் கவனியுங்கள். தானியத்தை மூட்டை கட்டிப் பரதேசியின் வாசலில் கொண்டுபோய்ப் போடும்படி கட்டளையில்லை. வயலைத் திறந்து வைக்கும்படி கட்டளை. கதிரைப் பொறுக்கும் கை அவனுடைய கையாகவே இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோவதும் அவன் உழைப்பின் பலனாகவே இருக்கும்.

வயலின் சொந்தக்காரனான போவாஸ் இன்னும் ஒரு படி மேலே போனான். அரிக்கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடும்படியும், அவள் பொறுக்கும்போது அதட்டாதிருக்கும்படியும் தன் வேலைக்காரருக்குச் சொல்லி வைத்தான். தாகமெடுத்தால் வேலைக்காரரின் பானையிலிருந்தே தண்ணீர் குடிக்கலாம் என்றான். சாப்பாட்டு வேளையில் மற்றவர்களோடு உட்கார வைத்தான். உதவி கிடைத்தது, வெட்கம் நேரவில்லை.

முடிவு என்ன? ரூத்தம்மாள் போவாஸின் மனைவியானாள். அவளுடைய பேரனுக்கு மகன் தாவீது இராஜா. அர்ச். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், நமது இரட்சகருடைய வம்ச வரிசையில் அவள் பெயர் நிற்கிறது. கதிர் பொறுக்க வந்த அந்நியப் பெண் அந்த ஊரின் மூதாட்டியானாள்.

திருச்சபையின் போதனை

சேசுநாதசுவாமி தாமே குழந்தைப் பருவத்தில் அகதியாயிருந்தார் என்பது நமக்குத் தெரியும். ஏரோதுக்குத் தப்பி, அர்ச். சூசையப்பரும் தேவமாதாவும் அவரை எஜிப்துக்குக் கொண்டுபோனார்கள். 12-ம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் 1952-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி வெளியிட்ட சாசனத்தில், நாடுவிட்டுப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாசரேத்தூர்த் திருக்குடும்பமே முன்மாதிரியென்று காட்டினார். இரண்டாம் உலக யுத்தத்தால் கோடிக்கணக்கான ஜனங்கள் இடம்பெயர்ந்திருந்த காலம் அது.

பாப்பரசர் பிரான்சிஸ் 2018-ம் வருஷத்துச் செய்தியில் இந்தக் கடமையை நான்காகப் பிரித்துச் சொன்னார்: வரவேற்பது, பாதுகாப்பது, முன்னேறச் செய்வது, நம்மோடு இணைத்துக் கொள்வது. முதலிரண்டுக்கும் இளகிய மனமும் திறந்த கையும் போதும். பின்னிரண்டுக்குப் பொறுமையும் வருஷங்களும் வேண்டும். இணைத்துக் கொள்வது என்றால், வந்தவன் தன் பாஷையையும் பழக்கத்தையும் உரித்துப் போட்டுவிட்டு நம்மைப்போல் ஆகிவிட வேண்டும் என்று அர்த்தமல்ல என்பதையும் அவர் அங்கே தெளிவாக்கினார்.

இந்தப் போதனையைச் சாதாரணக் குடும்பங்கள் எப்படி நடத்திக் காட்டின என்பதற்குக் கனடா தேசத்திலிருந்து ஒரு திருஷ்டாந்தம் உண்டு.

கனடா தேசத்தின் திருஷ்டாந்தம்

1975-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 30-ந் தேதி தெற்கு வியட்நாமின் தலைநகரான சைகோன் விழுந்தது. அதன்பின் வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று தேசங்களிலிருந்தும் ஜனங்கள் இலட்சக்கணக்கில் தப்பியோடினார்கள். அநேகர் சிறு படகுகளில் கடலில் இறங்கினார்கள். புயலிலும் கடற்கொள்ளையிலும் மாண்டவர்கள் ஏராளம். 1978-ம் வருஷம் நவம்பர் மாதம், ஹாய் ஹோங் என்னும் பழைய கப்பல் சுமார் 2,500 பேரை ஏற்றிக்கொண்டு மலேசியக் கரையோரம் நின்றது. அவர்களைக் கரையிறங்க விடவில்லை. அந்தப் படங்கள் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தன. கனடா அவர்களில் அறுநூறு பேரளவில் ஏற்றுக்கொண்டது.

கனடாவில் அப்போதுதான் ஒரு புதுச் சட்டம் அமுலுக்கு வந்திருந்தது. ஐந்து பேர் ஒன்றுசேர்ந்து கையெழுத்திட்டால் ஓர் அகதிக் குடும்பத்தைத் தங்கள் பொறுப்பில் வரவழைக்கலாம். ஒரு கோவில் சபையும் அப்படிச் செய்யலாம். மென்னோனைட் சபையார் 1979-ம் வருஷம் மார்ச்சு மாதம் சர்க்காரோடு முதல் உடன்படிக்கை செய்தார்கள். கத்தோலிக்க மேற்றிராசனங்களும் மற்றச் சபைகளும் தொடர்ந்தன. அவ்வருஷம் ஜூலை மாதத்தில், 1980-ம் வருஷ முடிவுக்குள் 50,000 பேரை ஏற்பதாகவும், ஜனங்கள் ஓர் அகதியைப் பொறுப்பேற்றால் சர்க்கார் இன்னொருவரைப் பொறுப்பேற்கும் என்றும் அறிவித்தார்கள். பிறகு அந்தத் தொகையை 60,000 ஆக உயர்த்தினார்கள். ஒட்டாவா நகரத்தின் மேயராயிருந்த மரியன் டூவர் அம்மையார், தம் நகரம் மாத்திரமே 4,000 பேரை ஏற்கும் என்று சொல்லி ஜனங்களைத் திரட்டினார்.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நமக்கே வேலையில்லை, இவர்கள் எதற்கு என்று கேட்டவர்கள் அநேகர். ஆனாலும் சொன்ன காலத்துக்குள் 60,000 பேரும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைப் பொறுப்பேற்றவர்கள் சாதாரண ஜனங்களே: பங்குகள், தெருக்காரர்கள், ஒரே இடத்தில் வேலை செய்யும் நண்பர்கள். 1986-ம் வருஷம் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனம் நான்சன் பதக்கத்தைக் கனடா தேசத்து ஜனங்கள் அனைவருக்குமாக அளித்தது. ஒரு தேசத்து ஜனங்கள் முழுவதற்கும் அந்தப் பதக்கம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஒரு வருஷ உடன்படிக்கை

விமானத்தில் வந்தவர்களை எட்மண்டன், மான்ட்ரியல் நகரங்களிலிருந்த இராணுவ முகாம்களில் இறக்கி, உடம்பைப் பரிசோதித்து, கடுங்குளிருக்கேற்ற கோட்டும் பூட்சும் கொடுத்து, அவரவருக்குக் குறித்த ஊருக்கு அனுப்பினார்கள். பொறுப்பேற்ற கூட்டத்தார் வீடு பார்த்து வைக்க வேண்டும். வாடகை, சாப்பாடு, துணிமணி, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அவர்கள் செலவு. வைத்தியரைக் காட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, பாஷை கற்கவும் வேலை தேடவும் துணை நிற்க வேண்டும். இவ்வளவும் சாதாரணமாக ஒரு வருஷத்துக்கு.

இந்த ஒரு வருஷம் என்ற கணக்கில் ஒரு ஞானம் இருக்கிறது. நாள் குறித்த உதவி, முதல் நாளிலிருந்தே கடைசி நாளை நினைக்க வைக்கிறது. “இன்றைக்கு இவர்களுக்கு என்ன கொடுக்கலாம்?” என்று மட்டும் கேட்டால் போதாது. “பதின்மூன்றாம் மாதத்தில் இவர்கள் தாங்களாகவே நிற்பதற்கு இன்று என்ன செய்யவேண்டும்?” என்றும் கேட்டாக வேண்டியிருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து நாம் ஆறு பாடங்களை எடுத்துக் கொள்ளலாம்.

ஆறு பாடங்கள்

முதலாவது: பாஷையைத் தாய்க்கும் கொடுங்கள். அக்காலத்தில் சர்க்கார் நடத்திய பாஷை வகுப்புகளில், வேலைக்குப் போகவேண்டிய குடும்பத் தலைவனுக்கே முதலிடம். தகப்பன் வேலை செய்யுமிடத்தில் நாலு வார்த்தை பழகுவான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கற்றுக் கொள்வார்கள். வீட்டிலிருக்கும் தாயோ வருஷக்கணக்கில் வாய் திறக்க முடியாதவளாகி விடுவாள். இதற்குப் பெரிய படிப்பாளி தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் அவளோடு உட்காரும் அயல்வீட்டு அம்மாள் போதும். கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அவளே விலை கேட்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

இரண்டாவது: வேலை கிடைத்தால் போதுமென்று நிறுத்திவிடாதீர்கள். வந்தவர்களில் வைத்தியர்களும் ஆசிரியர்களும் வியாபாரிகளும் இருந்தார்கள். அவர்களுடைய சர்டிபிகேட் அங்கே செல்லாததால் அநேகர் ஆலையிலும் ஓட்டல் அடுக்களையிலும் கூலி வேலைக்குப் போனார்கள். எந்த வேலையும் கேவலமில்லை. ஆனாலும், “கிடைத்ததற்கு நன்றியாயிரு” என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பழைய படிப்பை ஒப்புக்கொள்ளச் செய்ய எந்த அலுவலகத்துக்கு எழுதவேண்டும், எந்தப் பரீட்சைக்குப் பணம் கட்டவேண்டும் என்று கூடவே இருந்து விசாரித்துச் சொல்வதே போவாஸ் செய்த உதவியைப் போன்றது.

மூன்றாவது: தகப்பனுடைய ஸ்தானத்தைக் காப்பாற்றுங்கள். பிள்ளைகள் பாஷையைச் சீக்கிரம் கற்பதால், ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் அவர்களையே மொழிபெயர்க்கச் சொல்கிறோம். பத்து வயதுப் பையன் தன் தாயின் நோயை வைத்தியருக்குச் சொல்லுகிறான். வாடகை பாக்கியைப்பற்றித் தகப்பனுக்காகப் பேசுகிறான். நாளடைவில் வீட்டில் யார் பெரியவர் என்பதே தலைகீழாகிறது. அப்படிப்பட்ட காரியங்களுக்கு இரு பாஷையும் அறிந்த பெரியவர் ஒருவரைத் தேடிக் கொடுப்பது நம் கடமை. பிள்ளைகளின் முன்னிலையில் தகப்பனைக் கலந்து பேசாமல் எதையும் முடிவு செய்யாதிருப்பதும் நம் கடமை.

நான்காவது: பணத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள். கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்கத் தோன்றும். இந்தத் துணி ஏன், இந்த ரேடியோ ஏன், கையில் மிச்சமில்லாதபோது ஊருக்கு ஏன் பணம் அனுப்பினாய் என்று கேட்கத் தோன்றும். அகதி முகாமில் தன் தாயை விட்டுவந்தவன், தன் வயிற்றைக் கட்டியாவது அவளுக்கு அனுப்பத்தான் செய்வான். நம் மகன் தூரதேசத்திலிருந்து மணியார்டர் அனுப்பினால் அதை ஊதாரித்தனம் என்போமா? அந்த ஊரில் விலைவாசி என்ன, வாடகை எந்தத் தேதியில் கட்டவேண்டும், கடன் சீட்டில் கையெழுத்திட்டால் என்னவாகும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். செலவழிக்கும் உரிமை அவர்களுடையது.

ஐந்தாவது: சோற்றுக்கு விலையாக விசுவாசத்தைக் கேட்காதீர்கள். அந்த அகதிகளில் பெரும்பாலோர் புத்த மதத்தினர் அல்லது முன்னோரை வணங்குகிறவர்கள். பொறுப்பேற்ற கோவிலுக்கு ஞாயிறுதோறும் வந்தவர்களில் சிலர் பக்தியால் வந்தார்கள். சிலர் வராவிட்டால் நன்றி கெட்டவர்கள் என்று நினைப்பார்களோ என்று பயந்து வந்தார்கள். தயவாகச் சொல்லுகிற அழைப்புகூட, வேறு போக்கில்லாதவனுடைய காதில் கட்டளையாக ஒலிக்கும். விசுவாசம் சுயாதீனமாய்ச் செய்யும் கிரியை. எவரையும் அதற்குக் கட்டாயப்படுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ம் வருஷம் தெளிவாய்ப் போதித்தது. ஆகையால் நம் வாயாலேயே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்: கோவிலுக்கு வந்தாலும் வராவிட்டாலும் வீடும் சாப்பாடும் உங்களுடையவை என்று.

ஆறாவது: போகிறவர்களைப் போக விடுங்கள். இதுவே எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம். சிறு ஊர்களில் வைக்கப்பட்ட அநேகக் குடும்பங்கள், தங்கள் பாஷை பேசுகிறவர் ஒருவர்கூட அங்கில்லாதபடியால், வருஷம் முடிந்ததும் டொராண்டோ, மான்ட்ரியல், வான்கூவர் முதலிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அன்போடு ஒரு வருஷம் பாடுபட்டவர்களில் சிலருக்கு மனம் நொந்தது. ஆனால் மார்ட்டன் பைசர் என்னும் மனநல வைத்தியர், வான்கூவர் பக்கத்தில் குடியேறிய ஆயிரத்துக்கு மேற்பட்ட அகதிகளைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்து, தங்கள் இனத்தார் அருகிலிருந்தது அவர்களை மனச்சோர்விலிருந்து காத்தது என்று கண்டார். தன் பாஷையில் அழவும் சிரிக்கவும் ஒருவன் தேடிப் போவது நன்றிகேடல்ல. தன் காலில் நடக்கும் பலம் வந்ததற்கு அடையாளம் அது. அந்தப் பலத்துக்காகத்தானே நாம் உழைத்தோம்?

படகில் வந்த தமிழர்

இந்தக் காரியம் நம் இனத்தாரையும் தொட்டது. இலங்கையில் 1983-ம் வருஷம் ஜூலை மாதத்துக் கலவரத்துக்குப் பின் தமிழர் பல தேசங்களுக்கும் ஓடினார்கள். 1986-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி, கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவுக்கு அருகே, பனிமூட்டத்தில் இரண்டு உயிர்காக்கும் படகுகள் மிதப்பதை கஸ் டால்டன் என்னும் மீன்பிடிக் கப்பல் தலைவர் கண்டார். அவற்றில் 155 தமிழர் நெருங்கிக் கிடந்தார்கள். அவர் கேள்வி எதுவும் கேட்டுத் தாமதிக்காமல் தம் கப்பலில் ஏற்றிக்கொண்டு, மற்றக் கப்பல்களையும் உதவிக்கு அழைத்தார்.

அவர்களை எவரும் முன்கூட்டிப் பொறுப்பேற்றிருக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னதும், மேற்கு ஜெர்மனியில் கப்பலேறியது பிறகு வெளிப்பட்டதும் ஜனங்களிடையே பெருங்கோபத்தை உண்டாக்கின. திருப்பியனுப்பு என்ற கூச்சல் எழுந்தது. சர்க்காரோ அவர்களுக்கு ஒரு வருஷம் தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்தது. டொராண்டோவிலும் மான்ட்ரியலிலும் முன்பே குடியேறியிருந்த தமிழர் அவர்களைச் சேர்த்துக் கொண்டார்கள். வேலை செய்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், அந்நாட்டில் வேரூன்றினார்கள். முப்பது வருஷம் கழித்து 2016-ம் வருஷத்தில் அவர்களில் சிலர் நியூபவுண்ட்லாந்துக்குத் திரும்பிப் போனார்கள். இம்முறை எவரிடமும் எதையும் கேட்கப் போகவில்லை. அந்த மாலுமிக்கு நன்றி சொல்லப் போனார்கள்.

இன்னும் ஒரு செய்தி. 2015-ம் வருஷம் நவம்பர் முதல் 2016-ம் வருஷம் பிப்ரவரி வரை கனடா 25,000-க்கு மேற்பட்ட சிரியா தேசத்து அகதிகளை ஏற்றது. அவர்களைப் பொறுப்பேற்கக் கையெழுத்திட்ட கூட்டங்களில், ஒரு காலத்தில் படகில் வந்த வியட்நாமியரும் இருந்தார்கள். எந்தத் தாளில் தங்கள் பெயர் அகதி என்று எழுதப்பட்டதோ, அதே விதமான தாளில் இப்போது பொறுப்பாளர் என்று கையெழுத்திட்டார்கள். அந்நியன் அயலானாகிவிட்டான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நம் வீட்டுக்கு வருவோம்

“நம் ஊர் ஏழைகளே இருக்கும்போது அந்நியருக்கு ஏன்?” என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கதிர்களை விட்டுவைக்கச் சொன்ன சட்டம் ஏழையையும் பரதேசியையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னது. ஒருவனுக்காகத் திறந்த வயல் மற்றவனுக்கு மூடியிருக்கவில்லை. மேலும் நம் உறவினரில் ஒருவராவது கடல் கடந்து போய்ப் பிழைக்காத குடும்பங்கள் நம்மில் குறைவு. அங்கே அவர்களை எப்படி நடத்தவேண்டுமென்று நாம் ஆண்டவரைப் பார்த்து மன்றாடுகிறோமோ, அப்படியே இங்கே வருகிறவர்களை நடத்துவது நம் கடமையல்லவா?

இந்த வாரம் இராத்திரி ஜெபத்துக்குப் பின் தாய் தகப்பனும் பிள்ளைகளும் கூடி உட்கார்ந்து இவற்றைப் பேசிப் பாருங்கள்:

1. நம் தெருவில், பள்ளிக்கூடத்தில், வேலை செய்யுமிடத்தில் வேறு தேசத்திலிருந்து வந்து குடியேறியவர் யார்? அவருடைய பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியுமா?

2. அவர்கள் வீட்டில் பாஷை தெரியாமல் தனித்திருப்பவர் யார்? நம்மில் யார் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும்?

3. நாம் செய்யும் உதவியில் அவர்கள் தாங்களே செய்யக்கூடியது எது? அதை எந்த மாதத்தில் அவர்களிடம் விட்டுவிடப் போகிறோம்?

4. அவர்களிடம் நாம் எதையாவது கேட்டு வாங்கியதுண்டா? ஒரு சமையல் பக்குவமோ, ஒரு கைவேலையோ, ஒரு யோசனையோ? கொடுக்க மாத்திரம் அறிந்தவன் எஜமானாகவே நின்றுவிடுவான்; வாங்கவும் அறிந்தவனே அயலான்.

நான்காம் கேள்விக்கு உங்கள் வீட்டில் பதில் இல்லையானால் அதிலிருந்தே ஆரம்பியுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு சிறு உதவி கேளுங்கள்.